பொட்டு வைத்த மூக்கு

1

இந்த ஆயுத பூஜைக்கு மயிலாப்பூரில் என் அக்கா தனம் ஒரு மூக்குக்குப் பொட்டு வைத்து, கற்பூரமும் காட்டி, அந்த மூக்கின் பேச்சைக் கேட்டுத் தன் கடையையே காலி செய்யப் பார்த்தாள். மூக்கை அனுப்பியவன் நான். ஆகவே கதையையும் நானே சொல்லிவிடுவது நல்லது. அக்கா சொன்னால் ஊரில் எனக்கு மிச்சம் இருக்கிற மரியாதையும் போய்விடும்.

நான் இருப்பது கனடாவில், எட்மன்டன் என்ற ஊரில். இங்கே என்னை எல்லோரும் ‘மிஸ்டர் கோவிந்தன்’ என்று கூப்பிடுகிறார்கள். கோவிந்தன் என் அப்பா. சைதாப்பேட்டையை விட்டு ஒரு நாள்கூட வெளியூரில் தங்காத மனிதர். இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். முருகேசன் கரைந்துபோய் கோவிந்தன் குடியேறிவிட்டார். திருத்தக் கேட்டால் ஒரு படிவம் கொடுத்து, அதில் குடும்பப் பெயரை எழுதச் சொல்கிறார்கள். மறுபடி கோவிந்தன்.

என் தொழில் காற்றை மோந்து பார்ப்பது. நான் மோப்பதில்லை, கருவி மோக்கும். கருவிக்கு ஜலதோஷம் வந்தால் நான் பார்ப்பேன். சைதாப்பேட்டையில் டிவியைப் பிரித்துப் போட்டு, பாதியைத் திரும்ப மாட்டி, மீதியை டப்பாவில் போட்டு மூடிக் கற்றுக்கொண்ட வித்தை இது. பெயிண்ட், தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு எல்லாவற்றிலிருந்தும் ஒன்று எழும்பிக் காற்றில் மிதக்கிறது அல்லவா, படித்தவர்கள் அதை எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்பார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் நெடி.

கருவியின் உள்ளே ஒரு முனையில் குட்டி விளக்கு. அதன் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது. மறு முனையில் அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு கண். நடுவே காற்று புகுந்து போகும். காற்றில் நெடி இருந்தால் வெளிச்சத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். அனுப்பியது எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு, நடுவில் காணாமல் போனது எவ்வளவு என்று கருவி கணக்குப் பார்த்து ஓர் எண்ணைக் காட்டும். ரேஷன் சர்க்கரைக்கு இப்படி ஒரு கருவி இருந்திருந்தால் எங்கள் அம்மா நிம்மதியாக இருந்திருப்பாள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அனுப்பியது சின்ன ரகம், சோப்பு டப்பா அளவு. வெளிச்சத்தை யாரோ தின்றார்கள் என்று அதற்குத் தெரியும். தின்றது யார் என்று தெரியாது. சாமிக்குக் காட்டுகிற கற்பூரமும் சுவருக்கு அடிக்கிற பெயிண்டும் அதற்கு ஒன்றே.

2

அக்காவின் கடை ஒரு பியூட்டி பார்லர். மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய வீட்டின் கீழ்த்தளத்தில், ஒரே அறை, இரண்டு நாற்காலி. வீடு வீடாகப் போய்ப் புருவம் திருத்திக்கொண்டிருந்தவள், வாயில் நூலைக் கவ்விக்கொண்டே பேசிப் பேசி வாடிக்கையாளர்களைச் சேர்த்து, சொந்தமாகப் பெயர்ப்பலகை மாட்டினாள். ‘தனம் பியூட்டி பார்லர், பெண்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கும். அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்தப் பலகையைக் காட்டுவதற்காகவே பயணிகளைச் சந்து வழியாகச் சுற்றி அழைத்துப் போனவர்.

போன கோடையில் அக்கா கடைக்கு ஏசி வைத்தாள். அன்றிலிருந்து தலைவலி.

காலையில் நன்றாக இருப்பாள். மத்தியானம் ஆனால் நெற்றிப்பொட்டில் ஆணி அடிக்கிற மாதிரி வலி. கண் டாக்டர் கண்ணாடியை மாற்றினார். இன்னொரு டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். உறவுக்காரர்களோ ஒரே குரலில் திருஷ்டி என்றார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது; ஏசி வைத்ததை எத்தனை பேர் பார்த்தார்களோ! அக்கா பூசணிக்காய் கட்டினாள், எலுமிச்சம்பழம் மிளகாய் கட்டினாள், வாசலில் கோரமுகம் ஒன்றை மாட்டினாள். அந்த முகத்தைப் பார்த்து இரண்டு வாடிக்கையாளர்கள் பயந்ததுதான் மிச்சம்.

“தை பொறந்தா காலி பண்ணிடலாம்னு கீறேன்டா முருகா,” என்று ஒருநாள் வீடியோவில் சொன்னாள். “மொபைல் கவர் விக்கிறவன் ஒருத்தன் எடத்தைக் கேட்டுக்கினே கீறான். எனக்கு இந்த எடம் ஆவலடா.”

சொல்லும்போது குரல் உடையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் அக்கா பால் பொங்கி வழிந்தாலே தெருவைக் கூட்டுகிறவள்.

“ஞாயித்துக்கிழமை தலைவலி வருதாக்கா?”

“ஞாயித்துக்கிழமை கடை லீவுடா.”

“அதான் கேக்குறேன். வருதா?”

யோசித்தாள். “வர்ல.”

என் மகள் மீரா பன்னிரண்டாம் வகுப்பு. அவளுடைய தமிழ், விருந்தாளி மாதிரி செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரும். அக்கறையோடு போனில் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: “அத்தை, தலைவலிக்கு எங்கே வலிக்குது?”

“தலைவலிக்குத் தலையிலதான் வலிக்கும் கண்ணு,” என்றாள் அக்கா. பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

எனக்குப் பொறி தட்டிவிட்டது. ஏசி வருவதற்கு முன் கதவு திறந்தே கிடக்கும். இப்போது கதவு எப்போதும் சாத்தல். ஒரே அறைக்குள் நகப்பூச்சு, அதை அழிக்கிற ரிமூவர், முடியை நேராக்குகிற கிரீம், ஹேர் ஸ்ப்ரே. ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே குளிர வைத்துத் திரும்பத் திரும்பப் பரிமாறும். ‘நம்பாதே, அளந்து பார்’ என்று என் தொழில் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஒரு மூக்கை அனுப்பி வைத்தேன்.

அனுப்புவது ஒரு தனிப் புராணம். இங்கே தபால் நிலையத்தில் ‘உள்ளே விளக்கா, மின்கலமா, மருத்துவக் கருவியா, விளையாட்டுப் பொருளா’ என்று கேட்டு, நான்குக்கும் நடுவில் என்னை நிற்க வைத்தார்கள். அங்கே சுங்கத்திலிருந்து அக்காவுக்குப் போன் போயிருக்கிறது. பார்சலில் என்ன இருக்கிறது என்று கேட்டாராம் ஒருவர்.

“மூக்கு சார். தம்பி கனடாவுலேந்து மூக்கு அனுப்சிருக்கான்.”

மூக்குத்தியா என்று அவர் இரண்டு தடவை கேட்டாராம்.

3

பார்சல் ஆயுத பூஜைக்கு முதல் நாள் போய்ச் சேர்ந்தது. அதுதான் வினை. நம் ஊரில் புதிதாக ஓர் இயந்திரம் அந்தச் சமயத்தில் வந்தால் அதற்கு நடப்பது நடந்தே தீரும்.

மறுநாள் இங்கே விடிந்து காபிக்குத் தண்ணீர் வைத்தேன், அக்காவின் அழைப்பு. அங்கே மாலை விளக்கு வைத்தாகிவிட்டது. பின்னணியில் கிறீச் கிறீச் என்று ஒரே கூப்பாடு.

“முருகா, நீ அனுப்ன மிஷினே சொல்லிடுச்சுடா. கண்ணு கீது. கடை பூரா கண்ணு கீது.”

“இன்னாக்கா ஆச்சு?”

“கத்திரி, சீப்பு, டிரையர் எல்லாத்தோட இதையும் தாம்பாளத்துல வெச்சேன். கற்பூரம் காட்னேன் பாரு, செவப்பா லைட்டு போட்டு கத்த ஆரம்ச்சுதுடா! அடங்கவே இல்ல. சாமி வந்தா மாரி ஆடுது.”

மாமா பக்கத்திலிருந்து, “நா அப்பவே சொன்னேன்,” என்றார். என்ன சொன்னார் என்று கடைசிவரை தெரியவில்லை.

“கருவியைக் கிட்ட காட்டுக்கா,” என்றேன். காட்டினாள். தலையில் அடித்துக்கொண்டேன். காற்று உள்ளே போகிற சின்னத் துவாரம் இருக்கிற இடம் பார்வைக்கு நெற்றி மாதிரித்தான் இருக்கும். அதில் அழகாகச் சந்தனம், நடுவில் குங்குமம். உலகத்தில் எத்தனையோ பேருக்கு இந்தக் கருவியைக் கொடுத்திருக்கிறோம். கீழே போட்டு உடைத்திருக்கிறார்கள், தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள். மூக்கில் சந்தனம் அப்பி, அதன் எதிரே கற்பூரம் கொளுத்தியவர் எங்கள் அக்கா ஒருத்திதான்.

கற்பூரமும் ஒரு நெடிதான், அதனால்தான் கத்துகிறது என்று விளக்கினேன். என் நாக்கு உலர்ந்தது. அவள் மனம் அசையவில்லை.

“கற்பூரத்தைப் பாத்து நல்லது கத்துமாடா? கெட்டதுதான் கத்தும்.”

கடையைக் காப்பாற்ற நான் அனுப்பிய சாட்சி, கடைக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

“அந்தப் பொட்டையாவது அழிச்சிடுக்கா. மூக்கு அடைச்சுக்கிச்சு.”

“சரி, இரு,” என்று போனைக் கண்ணாடி மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். நான் இந்தப் பக்கம் காபி கலந்தேன். திரும்பிப் பார்த்தால் பழைய கூப்பாட்டை விடப் பெரிய கூப்பாடு. எண் மேலே ஏற இடமில்லாமல் முட்டி நிற்கிறது.

“எதைப் போட்டுத் துடைச்சே?”

“ரிமூவர்தான். நகப்பூச்சே போவும், குங்குமம் போவாதா? பளிச்சுனு கீது பாரு.”

அதற்கப்புறம் அவளே நிறுத்தினாள். கையில் பஞ்சு, எதிரே அலறும் மூக்கு. பஞ்சைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோனாள். கிட்டக் கொண்டுவந்தாள். ரிமூவர் பாட்டில் மூடியைத் திருகி மூடினாள்.

“இதுல ஏதுடா சாமி?” என்றாள் மெதுவாக.

“அதைத்தானேக்கா...”

“நீ சும்மாரு.”

எழுந்து போய்க் கதவை விரியத் திறந்தாள். சந்திலிருந்து ஸ்கூட்டர் சத்தமும், யாரோ யாரையோ ‘மச்சி’ என்று கூப்பிடுவதும் உள்ளே வந்தன. சத்தம் நின்றது. சிவப்பு, ஆரஞ்சானது. ரொம்ப நேரம் கழித்துப் பச்சையானது. அக்கா அதுவரை முழங்காலைக் கட்டிக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மாமா சுண்டலைத் தின்று முடித்துவிட்டார்.

4

அடுத்த நாட்களில் அக்கா என்னையே மிஞ்சிவிட்டாள். மூக்கை நாற்காலிக்குப் பக்கத்தில் மாட்டி, ஒவ்வொரு வேலைக்கும் அது எவ்வளவு கத்துகிறது என்று பார்த்தாள். புருவம் திருத்தினால் சும்மா இருக்கும். நகப்பூச்சுக்கு முணுமுணுக்கும். முடி நேராக்கினால் ஊரைக் கூட்டும். அது ஊரைக் கூட்டிய நாளெல்லாம் சாயங்காலம் தலைவலி.

சரி, கதவைத் திறந்து வைத்துத் தொழில் பண்ணலாமே என்பீர்கள். முகத்தில் பழக்கூழைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணைச் சந்தில் போகிறவன் எல்லாம் பார்க்கலாமா? ஏசிக்காகவே தி.நகரிலிருந்து வருகிறவர்களும் உண்டு. ஆக, ஒரே வழி: பின்சுவரில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். வேலை ஆளையும் செலவையும் அக்காவே பார்த்துக்கொள்வாள். வீட்டுக்காரர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த ஒரு வார்த்தைதான் கிடைக்கவில்லை. கட்டிடத்தின் சொந்தக்காரர் சேஷாத்ரி மாமா, மாடியில் குடியிருப்பவர். தங்கமான மனிதர். மாதாமாதம் வாடகை வாங்க வரும்போது பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்து வருவார். அக்கா கொடுக்கிற நேரத்துக்கும் நல்ல நேரம் பார்ப்பார். அந்தச் சுவர் மட்டும் அவருடைய தாத்தா கட்டியது.

அக்கா அவரிடம் என்னைப் பேச வைத்தாள். நான் விடுவேனா! விளக்கு, வெளிச்சம், கண், விழுங்குதல் என்று மூச்சு விடாமல் விளக்கினேன். என் முதலாளியிடம் கூட அவ்வளவு அழகாகப் பேசியதில்லை. சேஷாத்ரி மாமா முழுசும் கேட்டார்.

“ரொம்ப நன்னா சொல்றேள். கேட்டுண்டே இருக்கலாம் போல இருக்கு,” என்றார். “ஆனா சுவத்துல கை வைக்கப்படாது. பொண்ணுக்குத் தலைவலின்னா சுக்கு பத்துப் போட்டுக்கச் சொல்லுங்கோ.”

தலைவலியும் பல்வலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

போனை வாங்கி அக்கா என்னைத் திட்டினாள். “வெளிச்சத்தை இன்னா துன்னுச்சுன்னு அவருக்கு எதுக்குடா? எனக்கே நீ சொல்லியா புரிஞ்சுது?”

“அப்ப இன்னா பண்ணப் போறே?”

“வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கூப்ட்டுக்கிறேன். நீ வாயைத் தொறக்காம பாத்துக்கினு இரு.”

5

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மூவரும் காலைச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு போனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். மீரா கல்லூரி விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டாள். எந்த விண்ணப்பத்துக்கும் ஒரு நாள் அவகாசம் உண்டு, இந்தக் காட்சிக்கு இல்லை.

மயிலாப்பூரில் மாலை. சேஷாத்ரி மாமா துளசி மாலையோடு வந்து நின்றார். அக்கா பயபக்தியாகக் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, படத்துக்குப் பூ வைத்து, கற்பூரத்தை ஏற்றினாள். மூக்கு மாமாவின் தலைக்கு நேராகத் தொங்கியது. கற்பூரம் ஒரு சுற்று வரவில்லை, சிவப்பாக மின்னிக் கத்தியது பாருங்கள், மாமா ஓர் அடி பின்னால் போய் ஹேர் டிரையர் மேல் மோதினார்.

“என்னம்மா இது? என்னத்துக்குக் கத்தறது?”

“தம்பி அனுப்ன மிஷின் மாமா. காத்து கெட்டுப்போச்சுன்னா கத்தும்.”

“சாமிக்குக் கற்பூரம் காட்டறச்சேயா கத்தும்?”

“காட்னாலும் கத்துது, காட்டாட்டியும் கத்துது. உள்ள இருக்குறது வெளிய போவ வழி இல்ல மாமா. சுத்திச் சுத்தி இங்கயே நிக்குது.”

“நிக்கறதா?” மாமா மேலே பார்த்தார். “மாடி வரைக்கும் வருமோ?”

“எனக்கு இன்னா மாமா தெரியும்? எனக்குத் தலை வலிக்குது, அதுதான் தெரியும்.”

அக்கா ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான் சத்தியம் பண்ணுவேன். திருஷ்டி என்ற சொல்லை அவள் வாய் உச்சரிக்கவே இல்லை. உண்மையை மட்டும் சொல்லிவிட்டு, மாமாவுக்குத் தோன்றுவதை மாமாவுக்கு விட்டுவிட்டாள்.

மாமா அறையைச் சுற்றி வந்தார். விரலை மடக்கி மடக்கி ஏதோ திசைக் கணக்குப் போட்டார். பின்சுவரின் மூலையில் நின்றார்.

“இது வடமேற்கு. என்னம்மா தனம், இது வாயு மூலைன்னா! வாயு பகவானோட மூலையை இப்படி அடைச்சு வெச்சுண்டு உக்காந்திருந்தா காத்து எப்படிப் போகும்? இங்கே ஒரு ஓட்டை போட்டு ஃபேன் வெச்சாத்தான் சரியா வரும்.”

“மாமா, அது உங்க தாத்தா கட்ன சுவரு...”

“தாத்தாவுக்கு ஏசி தெரியுமா? நாளைக்கே ஆளைக் கூப்பிடு. கார்த்தால ராகுகாலம் கழிஞ்சப்பறம் இடிக்கச் சொல்லு.”

அக்கா தலையைக் குனிந்து, “நீங்க சொன்னா சரி மாமா,” என்றாள். எட்மன்டனில் என் மனைவி சுதா வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே ஓடிவிட்டாள்.

மீரா மட்டும் சிரிக்கவில்லை. “அத்தை அவரை ஏமாத்திட்டாங்களாப்பா?” என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். வாயு பகவானுக்கும் வழி கிடைத்தது, அக்காவுக்கும் மூச்சு கிடைத்தது. “ஏமாத்தல கண்ணு. அவருக்குப் புரியுற பாஷையில சொன்னாங்க,” என்றேன். மீரா இதை அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான். எனக்கு அது கொஞ்சம் கவலையாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

6

ஃபேன் வந்தது. கார்த்திகை பிறந்தது. போன வாரம் அக்கா கூப்பிட்டாள். அங்கே மாலை; காலையிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு முடியும் நகமும் செய்து முடித்திருக்கிறாள். மணப்பெண்ணின் அத்தை என்ன சொன்னாள், அதற்கு இவள் என்ன சொன்னாள், மாமா ஷேர் ஆட்டோவில் யாரை ஏற்றினார் என்று ஒரே மூச்சில் பேசினாள். நானாகத்தான் குறுக்கிட வேண்டியிருந்தது.

“தலைவலி?”

“இன்னா தலைவலி?” என்றாள். மறந்தே போயிருந்தாள்!

மொபைல் கவர்காரன் மறுபடி வந்தானாம். “தை பொறந்தா இன்னொரு நாற்காலி போடுறேன், உன் பொண்டாட்டியக் கூட்டிக்கினு வா, புருவம் எடுத்து அனுப்புறேன்னு சொல்லிட்டேன்,” என்றாள்.

நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்: “ஆமா, உன் வூட்ல அது எவ்ளோ காட்டுதுடா?”

எத்தனையோ ஆலைகளில் மாட்டியிருக்கிறேன், தொழிற்கூடங்களில் மாட்டியிருக்கிறேன். என் வீட்டில் வைத்துப் பார்த்ததே இல்லை. ஊருக்கு உபதேசம், உனக்கு இல்லையடி பெண்ணே. வேலைப் பையிலிருந்து ஒரு மூக்கை எடுத்து அடுக்களை மேடையில் வைத்தேன். வெளியே முழங்கால் பனி. குளிருக்குப் பயந்து ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை ஒட்டி, ஓரத்தில் டேப் போட்டு, நானே என் கையால் வீட்டைச் சீல் வைத்திருக்கிறேன். சுதா சாம்பாருக்குத் தாளித்துவிட்டு, காலை விளக்குக்கு ஊதுபத்தி ஏற்றியிருந்தாள். தரை துடைக்கிற லோஷன் இன்னும் காயவில்லை.

மூக்கு ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு கத்தியது.

“இன்னாடா அது, என் கடைய வுட கத்துது?” என்றாள் அக்கா.

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மீரா எழுந்து போய், நான் அரை நாள் நின்று ஒட்டிய பிளாஸ்டிக்கை ஒரே இழுப்பில் கிழித்து ஜன்னலைத் தள்ளினாள். குளிர், சொல்லாமல் கொள்ளாமல் வரும் உறவுக்காரர் மாதிரி மொத்தமாக உள்ளே வந்தது.

“ஐயோ, மூடுடீ! சாம்பார் உறைஞ்சுடும்!” என்று சுதா அலறினாள்.

“மூடாத கண்ணு!” என்று அக்கா மயிலாப்பூரிலிருந்து கத்தினாள். “நம்பர் எறங்குற வரைக்கும் நில்லு. எவ்ளோன்னு சொல்லிக்கினே வா. நம்ம பாஷையில சொல்லு.”

மீரா என் கோட்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு மூக்கின் எதிரே நின்றாள். பல் தந்தியடித்தது. “தொண்ணூத்தி ரெண்டு, அத்தை.”

“ம்.”

“தொண்ணூத்தி ஒண்ணு... தொண்ணூறு...” நின்றுவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த எண்ணுக்குத் தமிழ் கிடைக்கவில்லை.

“எம்பத்தி...” என்று அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

“எம்பத்தி ஒம்போது,” என்றாள் மீரா.

சுதா கம்பளியை எடுத்து வந்து எங்கள் இருவர் மேலும் போட்டுவிட்டு, தானும் அதற்குள் நுழைந்துகொண்டாள். பச்சை வருவதற்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.